பாண்டியில் ஒரு ராத்திரி தங்க: எதை முன்பதிவு செய்வது, எதை நேரில் போய்ப் பிடிப்பது?

கடலூரில் வீடு இருந்தால் கூடவே சம்பளமில்லாத ஒரு வேலையும் வந்து சேரும். கோயம்புத்தூரிலிருந்தோ மதுரையிலிருந்தோ சொந்தக்காரர்கள் போன் செய்வார்கள்: "சனி ஞாயிறு பாண்டி வர்றோம்பா, பீச் பக்கமா ஒரு ரூம் பாத்து வை. பசங்க டென்ட்ல தங்கணும்னு குதிக்குதுங்க, அதையும் விசாரிச்சு வை." விசாரித்து, அலைந்து, அட்வான்ஸ் கட்டி, சில இடங்களில் அந்த அட்வான்ஸைத் திரும்ப வாங்க மல்லுக்கட்டி, இந்த ஊரின் போக்கு இப்போது ஓரளவு பிடிபட்டிருக்கிறது. முதல்முறை வருகிறவர்களுக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும்.

எல்லாரும் முதலில் கேட்பது, "புக் பண்ணிட்டு வரணுமா, வந்து பாத்துக்கலாமா?" எந்த இடத்தில் தங்கப்போகிறீர்கள் என்பதைவிட எந்த ராத்திரி தங்கப்போகிறீர்கள் என்பதுதான் இதைத் தீர்மானிக்கிறது.

1. முதலில் காலண்டரை எடுங்கள்

ஞாயிறு ராத்திரியிலிருந்து வியாழன் ராத்திரி வரை, பண்டிகையோ அரசு விடுமுறையோ ஒட்டி வராவிட்டால், பாண்டியில் ரூம் இல்லாமல் யாரும் தெருவில் நிற்பதில்லை. தைரியமாக நேரில் வரலாம். பல நேரம் ஆப்பில் காட்டுவதைவிடக் குறைவாகவே கிடைக்கும். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு மேல் சென்னைக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் கிளம்பிப் போனபிறகு ஊர் அப்படியே காலியாகும். லீவு எடுக்க முடிந்தவர்கள் ஞாயிறு ராத்திரி வருவதுதான் புத்திசாலித்தனம்.

வெள்ளி, சனி ராத்திரிகள் வேறு கதை. சாதாரண வாரக் கடைசிக்கே இரண்டு வாரம் முன்னால் பேசிவிடுங்கள். வெள்ளியோ திங்களோ அரசு விடுமுறை சேர்ந்து மூன்று நாளானால், ஒரு மாதமாவது வேண்டும்.

வெளியூர்க்காரர்கள் கணக்கில் எடுக்காத சில தேதிகள் உண்டு. பிப்ரவரி 21 ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்து அன்னையின் பிறந்தநாள். ஏப்ரல் 24, நவம்பர் 24 இரண்டும் ஆசிரமத்தில் தரிசன நாட்கள். ஆகஸ்ட் 15 சுதந்திர தினம் மட்டுமில்லை, ஸ்ரீ அரவிந்தர் பிறந்தநாளும்கூட. வங்காளம், ஒடிசாவிலிருந்தெல்லாம் பக்தர்கள் வந்து இறங்குவார்கள், அவர்கள் பல மாதம் முன்பே ஏற்பாடு செய்திருப்பார்கள். பிப்ரவரி 28 ஆரோவில் தொடங்கிய நாள். ஜூலை 14 பிரெஞ்சு தேசிய தினம். நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாள், இது தமிழ்நாட்டில் விடுமுறை இல்லாததால் நம் காலண்டரில் கண்ணில் படாது. இவை புதன்கிழமையில் வந்தாலும் "வாரநாள்தானே" என்று கிளம்பாதீர்கள்.

புத்தாண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். டிசம்பர் 31 ராத்திரிக்கு அக்டோபரிலேயே பேச ஆரம்பிக்க வேண்டும். அதற்கு மேல் போனால் இடம் கிடைத்தாலும் விலை கையைக் கடிக்கும். பல இடங்களில் ஒரு ராத்திரி மட்டும் தர மாட்டார்கள், இரண்டு ராத்திரி எடுக்கச் சொல்வார்கள். டின்னர் பார்ட்டியையும் தலையில் கட்டுவார்கள்.

ஞாபகம் வைக்க ஒரு சின்ன வழி: ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது. டிக்கெட் போடும் அன்றே ரூமுக்கும் போன் போட்டுவிடுங்கள். புத்தாண்டும் தரிசன நாட்களும் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இது போதும்.

2. டென்டா ரூமா என்று வீட்டிலேயே பேசி முடியுங்கள்

படங்களில் பார்ப்பதுபோல, அரசாங்கம் நம்பர் போட்டு இடம் ஒதுக்கி, நாமே போய் டென்ட் அடித்துக்கொள்ளும் முகாம் மைதானத்தைத் தேடிக்கொண்டு பாண்டிக்கு வராதீர்கள். இங்கே நடப்பது தனியார் ஏற்பாடு. ஒரு சவுக்குத் தோப்போ தென்னந்தோப்போ, அதில் ஏற்கெனவே அடித்து வைத்த டென்ட், உள்ளே மெத்தை, ராத்திரி சாப்பாடு, கொஞ்சம் விறகு போட்டு நெருப்பு, காலையில் இட்லி பொங்கல். எல்லாம் சேர்த்து ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். எனக்குச் சொன்ன விலைகள் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் வரை இருந்தன, நீண்ட விடுமுறைகளில் அதற்கு மேலும். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்குக் கணக்குப் போட்டால் நல்ல ஏசி ரூமைவிட டென்ட் விலை கூடுதல் என்பதைக் கவனியுங்கள். "டென்ட்தானே, சீப்பா இருக்கும்" என்று நினைத்து வருகிறவர்கள்தான் அதிகம்.

சொந்த டென்ட்டைக் கொண்டுவந்து பொது மணலில் அடிக்கலாமா என்று பைக்கில் வரும் பையன்கள் கேட்பார்கள். வேண்டாம். ராத்திரி ரோந்து போலீஸ் எழுப்பி அனுப்பும், பெண்களும் சாமான்களும் கூட இருந்தால் அந்த நேரத்தில் எங்கே போவீர்கள்? தோப்புக்காரர்கள் சிலர் சொந்த டென்ட்டுக்கு இடத்தையும் பாத்ரூமையும் மட்டும் குறைந்த காசுக்குத் தருவார்கள். போனில் வெளிப்படையாகக் கேளுங்கள்.

அடுத்து, வடக்கா தெற்கா என்பது. ஊருக்கு வடக்கே தந்திராயன்குப்பம், அதாவது செரினிட்டி பீச், அதற்கு மேலே பொம்மையார்பாளையம், ஆரோவில் பீச் பக்கம்தான் டென்ட் விளம்பரம் அதிகம். ஆனால் அந்தப் பக்கக் கரையைக் கடல் அரித்துவிட்டது. துறைமுகத்துக்கு நீட்டிய கற்சுவர் தெற்கிலிருந்து வரும் மணலைத் தடுத்ததால் வந்த வினை. பல இடங்களில் மணலுக்குப் பதிலாகக் கருங்கல் குவியல்தான். அதனால் "பீச் டென்ட்" என்று விற்பது பல நேரம் கடலிலிருந்து நாலு தெரு உள்ளே இருக்கும் தோப்பு. தெற்கே வீராம்பட்டினம், சின்ன வீராம்பட்டினம் பக்கம் அகலமான மணல் இருக்கிறது. கடலைப் பார்த்துக்கொண்டே தூங்க வேண்டும் என்றால் அங்கே விசாரியுங்கள்.

எங்கள் சித்தப்பா குடும்பத்துக்குப் பார்த்துக் கொடுக்கப்போன ஒரு தோப்பைச் சொல்கிறேன். போட்டோவில் மூன்று டென்ட், பின்னால் சூரிய உதயம். சனிக்கிழமை சாயங்காலம் நேரில் போனால், டென்ட் டென்டாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஒன்றின் கயிறு அடுத்ததன் முளையில் கட்டியிருக்கிறது. கடைசி டென்டுக்கு நேர் பின்னால் ஜெனரேட்டர். அத்தனை பேருக்கும் இரண்டு கழிவறை, அதில் ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை, பிளாஸ்டிக் வாளியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். சித்தி ஒரே பார்வையில் முடிவு சொல்லிவிட்டார்: "நான் கார்லயே படுத்துக்கறேன்."

ஆகவே போனில் இதைக் கேளுங்கள்: மொத்தம் எத்தனை டென்ட், எத்தனை கழிவறை? டென்டிலிருந்து கடல் எத்தனை நிமிட நடை? உள்ளே ஃபேன் இருக்கிறதா, சார்ஜ் போட பிளக் இருக்கிறதா? பாட்டு எத்தனை மணிக்கு நிறுத்துவார்கள்? கார் எங்கே நிற்கும், காவல் உண்டா? மழை வந்தால் எங்கே படுக்க வைப்பீர்கள்? கடைசிக் கேள்விக்கு "மழைல்லாம் வராது சார்" என்று பதில் வந்தால் அடுத்த நம்பருக்குப் போங்கள்.

3. பருவத்தையும் கூட்டிப் பாருங்கள்

டென்டுக்கு நல்ல காலம் ஜனவரியிலிருந்து மார்ச் பாதி வரை. ஏப்ரல், மே மாதங்களில் பகல் முழுக்கத் தார்ப்பாய் வாங்கிய சூடு ராத்திரி பத்து மணி வரை இறங்காது, கடற்கரைப் புழுக்கம் வேறு. சின்னப் பிள்ளைகளோடு அக்கினி நட்சத்திரத்தில் டென்ட் வேண்டாம், ஏசி ரூம் பாருங்கள்.

அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் கடைசி வரை வடகிழக்குப் பருவமழை. எங்கள் கரைக்குப் புயல் புதிதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே, 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல். இரண்டு தேதியும் சுற்றுலாக்காரர்கள் ஆசையோடு ரூம் போடும் நாட்கள்தான் என்பதைப் பாருங்கள். ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மாதங்களில் டென்ட் முன்பதிவு செய்வதாக இருந்தால், "புயல் எச்சரிக்கை வந்தால் முழுப் பணமும் திரும்பும் அல்லது தேதி மாற்றித் தரப்படும்" என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். கடலூர், புதுச்சேரி துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்று செய்தியில் கேட்டால், டென்ட்காரர் என்ன சமாதானம் சொன்னாலும் கிளம்ப வேண்டாம்.

ரூமுக்கு இந்தக் கவலை அவ்வளவு இல்லை. மழைக்காலத்து வாரநாட்களில் நல்ல ரூம்கள் மலிவாகவே கிடைக்கும். எனக்கென்னவோ பாண்டியை அப்போது பார்ப்பதுதான் பிடிக்கும், ஆனால் அது என் ரசனை.

4. ஆசிரம விடுதிகளும் ஆரோவிலும்: இவற்றுக்கு வேறு வழி

பார்க், சீ சைட், இன்டர்நேஷனல், காட்டேஜ் என்று ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த கெஸ்ட் ஹவுஸ்கள் சில இருக்கின்றன. சுத்தம், அமைதி, அந்த இடத்துக்கு மிக நியாயமான கட்டணம். பார்க் கெஸ்ட் ஹவுஸ் கடலை ஒட்டியே இருக்கிறது. இவற்றுக்கு ஆப்பைத் தேடிக்கொண்டிருக்காமல் நேராக அவர்களிடமே பேசுங்கள். வாரநாளில் நேரில் போய்க் கேட்டாலும் சில நேரம் கிடைக்கும். தரிசன நாட்களை ஒட்டிப் பக்தர்களுக்குத்தான் முன்னுரிமை.

எடுப்பதற்கு முன் விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். மது கூடாது, புகை கூடாது, அசைவம் கூடாது. இரவு பத்தரைக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். கடற்கரையில் பன்னிரண்டு மணிவரை உட்கார வேண்டும் என்பவர்களுக்கும், ராத்திரி லேட்டாக வந்து சேரும் ரயில் பஸ்காரர்களுக்கும் இது சரிப்படாது. அப்பா அம்மாவை அழைத்து வருகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம்.

ஆரோவிலில் சின்னதும் பெரியதுமாக நிறைய விருந்தினர் இல்லங்கள் உண்டு. டிசம்பரிலிருந்து மார்ச் வரை வெளிநாட்டவர்கள் வாரக்கணக்கில் தங்குவதால் அங்கே நேரில் போய் நின்று பயனில்லை. மெயில் எழுதி, பதில் வந்த பிறகுதான் கிளம்ப வேண்டும். ஊருக்குள்ளிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், ராத்திரி பஸ் வசதி கிடையாது. ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாதவர்கள் அங்கே தங்கினால் ஆட்டோவுக்கே ரூம் காசு போய்விடும். ஆரோவிலின் நடுவில் உள்ள தங்கநிறக் கோளமான மாத்ரிமந்திரை வெளியிலிருந்து பார்க்க வருகையாளர் மையத்தில் இலவச அனுமதிச் சீட்டு போதும். உள்ளே தியான அறைக்குப் போக வேண்டுமென்றால் அதற்கும் முன்பதிவு உண்டு, ரூமோடு சேர்த்து அதையும் போட்டுவிடுங்கள்.

5. புக்கிங் போடும்போது: ஆப் வேறு, போன் வேறு

ஆப்பில் ரூமைத் தேடுங்கள், விலையைப் பாருங்கள். பிறகு அந்த லாட்ஜ் ரிசப்ஷனுக்கே போன் போட்டு, "இந்தத் தேதிக்கு நேரா எடுத்தா என்ன ரேட்?" என்று கேளுங்கள். ஆப்புக்குக் கொடுக்கும் கமிஷனில் கொஞ்சம் குறைப்பவர்கள் உண்டு. குறைக்காவிட்டாலும், அப்படி ஒரு இடம் உண்மையில் இருக்கிறது, ஆள் போனை எடுக்கிறார் என்பதாவது உறுதியாகும்.

"ஹோட்டலில் வந்து பணம் கட்டலாம்" என்ற வகை புக்கிங்கை நீண்ட விடுமுறைக்கு நம்ப வேண்டாம். உங்கள் பணம் அவர்கள் கையில் இல்லாததால், கூடுதல் விலைக்கு எடுக்க நேரில் ஒருவர் வந்து நின்றால் உங்கள் ரூம் அவருக்குப் போகும். வந்து கேட்டால் "சிஸ்டம்ல காட்டல சார்" என்பார்கள். டென்ட் இடங்களில் இது இன்னும் மோசம். நான்கு டென்டுக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, நாங்கள் போய் நின்றபோது மூன்றுதான் இருக்கிறது என்று ஒரு தோப்புக்காரர் கையை விரித்தார். நான்காவதில் ஏற்கெனவே யாரோ பாயை விரித்துப் படுத்திருந்தார்கள். வாட்ஸ்அப்பில் எழுத்தாக இருந்ததால்தான் வாக்குவாதத்துக்குப் பிறகு ஒரு டென்டின் காசு திரும்பியது.

எழுத்தில் இருக்க வேண்டியவை: தேதி, ரூம் அல்லது டென்ட் எண்ணிக்கை, ஆட்கள் எண்ணிக்கை, சாப்பாடு உண்டா இல்லையா, வரி சேர்த்து மொத்தத் தொகை, கட்டிய அட்வான்ஸ், ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், வந்து சேரும் நேரம். வந்து சேரும் நேரம் முக்கியம். ராத்திரி பதினொன்றுக்கு வருகிறவர் அதைச் சொல்லாமல் விட்டால், எட்டு மணிக்கே "வரல போல" என்று வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். கிளம்பும் அன்று காலையில் ஒரு போன் போட்டு "வந்துக்கிட்டே இருக்கோம்" என்று சொல்லிவிடுங்கள்.

விலை கேட்கும்போது "வரி சேர்த்தா?" என்று கேட்கப் பழகுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18. புத்தாண்டு மாதிரி விலை ஏறும் நாட்களில், சாதாரணமாக 6,000 ரூபாய்க்குப் போகும் ரூம் 8,000 ஆனால் வரியும் அடுத்த படிக்குத் தாவும். எக்ஸ்ட்ரா மெத்தைக்குத் தனிக்காசு. பிள்ளைகளுக்கு எந்த வயது வரை இலவசம் என்பது இடத்துக்கு இடம் மாறும்.

6. அட்வான்ஸ் அனுப்பும் முன் பெயரைப் படியுங்கள்

இணையத் தேடலில் ஹோட்டல் பெயருக்குக் கீழே வரும் போன் நம்பர் அந்த ஹோட்டலுடையது என்று நம்பிப் பணம் போட்டு ஏமாந்தவர்கள் நிறைய. மோசடிக்காரர்கள் பிரபலமான விடுதிகளின் பெயரில் தங்கள் நம்பரை ஏற்றி வைத்திருப்பார்கள். போட்டோ அனுப்புவார்கள், ரசீதுகூட அனுப்புவார்கள். முழுப் பணத்தையும் இப்போதே போட்டால் தள்ளுபடி என்று அவசரப்படுத்துவதுதான் அடையாளம்.

யுபிஐயில் நம்பரைப் போட்டதும் வரும் பெயரை நிதானமாகப் படியுங்கள். ஹோட்டல் பெயரோ உரிமையாளர் பெயரோ வராமல், சம்பந்தமே இல்லாத வடநாட்டுத் தனிநபர் பெயர் வந்தால் நிறுத்துங்கள். பாண்டியில் தெரிந்தவர் இருந்தால் நேரில் போய்ப் பார்த்துக் கட்டச் சொல்லுங்கள், அரை மணி நேர வேலை. யாரும் இல்லையென்றால், ஹோட்டலின் சொந்த இணையதளத்தில் உள்ள நம்பரோடு ஒப்பிடுங்கள். மொத்தத்தில் கால் பங்கு, போனால் பாதி. அதற்கு மேல் முன்பணமாகக் கொடுக்காதீர்கள். புத்தாண்டுக்கு மட்டும் முழுசாகக் கேட்பார்கள், தெரிந்த இடமாக இருந்தால் மட்டும் கொடுங்கள்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் நேரம் கடத்தாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் வங்கியில் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. உண்மையான ஹோட்டல்தான், ஆனால் ஒப்புக்கொண்டபடி அட்வான்ஸைத் திருப்பவில்லை என்றால் அது வேறு வழி: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

7. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

தங்குகிற பெரியவர்கள் எல்லாருக்கும் அடையாள அட்டை வேண்டும். ஒருவர் கார்டு போதும் என்று மற்றவர்கள் வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். ஆதார், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் இதில் ஏதாவது ஒன்று. பான் கார்டில் முகவரி இல்லாததால் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். ஆதார் ஜெராக்ஸை எல்லா இடத்திலும் விட்டுவிட்டு வர மனமில்லாவிட்டால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கிக் கொடுக்கலாம். இல்லையென்றால் ஜெராக்ஸின் குறுக்கே லாட்ஜ் பெயரையும் தேதியையும் எழுதிக் கொடுங்கள்.

பாண்டிக்கே உரிய சிக்கல் ஒன்று: பிரான்சிலிருந்து வரும் சொந்தக்காரர்கள். நம்மைப்போலவே தமிழ் பேசுவார்கள், கையில் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கும். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை ஆன்லைனில் பதிய வேண்டும், லாட்ஜ்காரர்கள் சி ஃபார்ம் என்பார்கள். அந்த வசதி இல்லாத சின்ன லாட்ஜும் டென்ட் தோப்பும் அவர்களைச் சேர்க்கத் தயங்கும். புக்கிங்கின்போதே "ஒருத்தருக்கு ஃபிரெஞ்சு பாஸ்போர்ட்" என்று சொல்லிவிடுங்கள். பாஸ்போர்ட்டோடு விசாவையோ, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டையையோ கையில் எடுத்து வரச் சொல்லுங்கள்.

இன்னொன்று எங்களைப் போன்றவர்களுக்கு. உள்ளூர் முகவரி உள்ள அடையாள அட்டைக்குப் பல லாட்ஜில் ரூம் தர மாட்டார்கள். கடலூர், விழுப்புரம் முகவரியையும் சில இடங்களில் உள்ளூர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். விருந்தினருக்காக நீங்கள் புக் செய்தாலும், தங்குகிறவர் பெயரில் செய்யுங்கள். திருமணமாகாத ஜோடிகளை ஏற்பார்களா என்பதும் இடத்துக்கு இடம் மாறும், ராத்திரி ரிசப்ஷனில் நின்று சங்கடப்படுவதற்கு முன்பாகவே கேட்டுவிடுவது நல்லது.

8. நேரில் போய் ரூம் பிடிப்பது

சரி, வாரநாள், புக் பண்ணவில்லை. வந்து சேர வேண்டிய நேரம் காலை பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில். பல இடங்களில் காலி செய்யும் நேரம் அதுதான், எந்த ரூம் காலியாகிறது என்று அப்போதுதான் ரிசப்ஷனுக்கே தெரியும். காலை ஐந்து மணி பஸ்ஸில் வந்து இறங்கினால் அரை நாள் காசு கூடுதலாகக் கேட்பார்கள். பஸ் நிலையம் பக்கத்து லாட்ஜ்கள் சிலவற்றில் 24 மணி நேரக் கணக்கு உண்டு, ஐந்துக்கு எடுத்தால் மறுநாள் ஐந்து வரை. அதிகாலையில் வருகிறவர்கள் அதைக் கேட்டு எடுங்கள்.

ஆட்டோக்காரரிடம் "நல்ல ரூமா காட்டுங்கண்ணே" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் கமிஷன் உங்கள் வாடகையில்தான் ஏறும். "நேரு வீதி" என்றோ "அண்ணா சாலை" என்றோ இடத்தைச் சொல்லி இறங்கி, பையைத் தோளில் போட்டு நடந்து கேளுங்கள். குடும்பத்தோடு வந்தால் ஒருவர் மட்டும் உள்ளே போய்ப் பேசுங்கள். மூட்டை முடிச்சோடு எல்லாரும் நுழைந்தால், இவர்கள் இனி வேறு எங்கும் போகப்போவதில்லை என்று மேஜைக்குப் பின்னால் இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

காசு கொடுப்பதற்கு முன் ரூமைப் பாருங்கள். ஏசியைப் போட்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள். குழாயைத் திறந்து வெந்நீர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று கேளுங்கள். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவர் இடிக்கிறதா, மது பார் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, "ரெண்டு நாள் எடுக்கிறோம், பாத்துச் சொல்லுங்க" என்றால் கொஞ்சம் இறங்கும். வாரநாளில் பஸ் நிலையப் பக்கம் சாதாரண டபுள் ரூம் ஆயிரத்தை ஒட்டியும், ஏசி ஆயிரத்தைந்நூறிலிருந்து இரண்டாயிரத்தைந்நூறு வரையும் கேட்பார்கள். கடற்கரையை ஒட்டிய ஒயிட் டவுனில் பழைய பிரெஞ்சு வீட்டை மாற்றிய ஹோட்டல்கள் நாலாயிரத்தில் ஆரம்பித்து மேலே போகும்.

ஒயிட் டவுனில் காரோடு தங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடற்கரைச் சாலையில் மாலை ஆறிலிருந்து காலை ஏழரை வரை வண்டி விட மாட்டார்கள். வாசல் அந்தச் சாலையில் உள்ள விடுதி என்றால் ஆறுக்குள் வந்து இறக்கிவிடுங்கள். டிசம்பர் 31 மதியத்துக்கு மேல் சுற்றுவட்டாரத் தெருக்களுக்கும் கட்டுப்பாடு வரும், வண்டிக்குப் பாஸ் உண்டா என்று ஹோட்டலில் முன்கூட்டியே கேளுங்கள்.

9. எங்கும் கிடைக்காத ராத்திரி

சனிக்கிழமை சாயங்காலம், புக்கிங் இல்லை, ஏறிய இடமெல்லாம் "ஃபுல் சார்". இனி பாண்டியில் சுற்றி நேரத்தைக் கொல்லாதீர்கள். எட்டு மணிக்கு மேல் கிடைப்பது யாரும் எடுக்காமல் விட்ட ரூமாகத்தான் இருக்கும், அதற்கும் இரட்டை விலை.

நேராகக் கடலூருக்கு வாருங்கள். இருபத்திரண்டு கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், முள்ளோடை தாண்டினால் கடலூர். திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்தைச் சுற்றியும் மஞ்சக்குப்பத்திலும் சுமாரான, சுத்தமான லாட்ஜ்கள் உண்டு. பாண்டியின் பாதி வாடகை. காலையில் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் நடந்துவிட்டு, பாண்டி திரும்பும் வழியிலேயே நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாறு படகுத் துறை. ஒன்பது மணிக்குப் போய் நின்றால் பாரடைஸ் பீச் படகுக்கு வரிசை சின்னதாக இருக்கும். ஒயிட் டவுனில் தங்கியவர்கள் டிபன் முடித்து வருவதற்குள் நீங்கள் அக்கரையில் இருப்பீர்கள்.

கடலூரும் ஃபுல்லாகும் நாட்கள் உண்டு, அது சனி ஞாயிறை வைத்து இல்லை. தினசரிக் காலண்டரைக் கிழித்து முகூர்த்த நாளா என்று பாருங்கள். திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோயிலில் ஒரே நாளில் அத்தனை கல்யாணம் நடக்கும், மாப்பிள்ளை வீடு, பெண் வீடு, சமையல்காரர், நாதஸ்வரக்காரர் என்று முந்தின ராத்திரியே லாட்ஜ் முழுக்க நிறைந்துவிடும். வடலூர் தைப்பூசத்துக்கும் மாசி மகத்துக்கும் இதே கதை. அன்றைக்கு விழுப்புரம் பக்கம் திரும்புங்கள். சிதம்பரம் போவதாக இருந்தால் ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா தரிசனம் இரண்டும் இல்லாத நாளாகப் பாருங்கள்.

பாண்டியில் வாங்கிய பாட்டில் டிக்கியில் இருந்தால் முள்ளோடையைத் தாண்டுவதற்கு முன்பே அதற்கு ஒரு முடிவு கட்டிவிடுங்கள். கடலூர் எல்லையில் ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். புதுச்சேரி சரக்கைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம், வழக்கோடு வண்டியையும் பிடித்து வைக்கலாம். செரினிட்டி, ஆரோவில் பக்கத்து டென்டுகளுக்கும் இதுவேதான். அவை பாண்டி என்று விளம்பரம் செய்தாலும் நிற்பது விழுப்புரம் மாவட்டத்து மண்ணில்.